ஸ்க்ரூவுக்குப் பூசிய கிரீம்

"மீ ஸ்கின் இப்புடு எலா உந்தண்டி?"

போன செவ்வாய்க்கிழமை, திருப்பதி ஆஸ்பத்திரியில், டாக்டரம்மா என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி இது. உங்கள் சருமம் இப்போது எப்படி இருக்கிறது?

நான் தேவகியைப் பார்த்தேன். தேவகி என்னைப் பார்த்தாள். (தேவகி என் மனைவி. இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என்னைவிட அவளைத்தான் அதிகம் பிடிக்கும்.) அறை மாறி நுழைந்துவிட்டோமா? எலும்பு டாக்டர் எதற்கு பியூட்டி பார்லர் கேள்வி கேட்கிறார்?

எனக்கு உடைந்தது எலும்பு. உள்ளே இருப்பது பிளேட்டும் சில ஸ்க்ரூக்களும். வெளியே இருப்பது ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு தோல் — இன்றுவரை யாரும் அதனிடம் நலம் விசாரித்ததில்லை.

"பாகுந்தி மேடம்," என்றேன். மரியாதைக்கு.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு ஒருமுறை உதறுகிறது. உதறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆகவே மெதுவாக, முதலிலிருந்து சொல்கிறேன்.

சில வாரங்களாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று கேட்டு எழுதியவர்களுக்கு… நான் விழுந்துவிட்டேன். அதுவும் நின்றுகொண்டிருந்த ஸ்கூட்டரிலிருந்து.

மாங்காய் சீசன். சித்தூருக்குக் கொஞ்சம் முன்னால், மாம்பழக் கூழ் ஃபேக்டரி வாசலிலிருந்து ரோடு நெடுக டிராக்டர்கள். ஒவ்வொன்றிலும் மலை மாதிரி தோத்தாபுரி. வெயிலில் பழுத்து, நசுங்கி, ஒழுகி, ரோடே ஒரு மஞ்சள் ஆறாகக் கிடந்தது. காற்றில் அவ்வளவு இனிப்பு. ஈக்களுக்கு அன்று கல்யாணம். அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டே வண்டியை நிறுத்தினேன். அதன் நடுவிலேயே வலது காலை ஊன்றினேன்.

அவ்வளவுதான். ஊன்றிய கால் ஊன்றிய இடத்தில் இல்லை.

காய்ந்த முருங்கைக் குச்சியை ஒடித்தால் ஒரு சத்தம் வருமே… மடக். அது எனக்குள்ளிருந்து வந்தது. வலி வருவதற்கு முன்னால் ஆச்சரியம்தான் வந்தது. இவ்வளவு வருஷம் கூடவே இருந்த எலும்பின் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறேன்!

டாக்டர்கள் கிளாவிக்கிள் என்கிறார்கள். தமிழில் காறை எலும்பு. காறை என்றால் கழுத்தில் அணிகிற நகை. நம்மை அனுப்பும்போதே போட்டு அனுப்பிய ஒரே நகை அதுதான். தோளிலிருந்து தோளுக்கு, இரண்டு சின்ன வளைவுகள். சட்டைக்குள் ஒரு புன்னகை மாதிரி அது பாட்டுக்கு இருந்தது. நான் அதை மாம்பழத்துக்குப் பலி கொடுத்தேன்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. நான் குடியிருப்பது புத்தூரில்.

ஆமாம், அதே புத்தூர்தான். கை கால் முறிந்தால் கட்டுப் போட்டுக்கொள்ளச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஜனங்கள் கார் பிடித்து வருகிற புத்தூர். எங்கள் தெருமுனையில் வண்டியை நிறுத்திக் கேட்பார்கள் — "சார், கட்டுக் கட்டுற இடம் எது?" நானும் வலது கையை நீட்டிக் காட்டுவேன். வருஷக்கணக்காக அதுதான் என் சமூக சேவை. அந்தக் கைப் பக்கத்து எலும்புதான் இப்போது உடைந்தது.

ஆனால் எக்ஸ்ரேயில் என் எலும்பு சிதறிக் கிடந்தது. ஒரு முனை தோலுக்கு அடியில் கூடாரம் அடித்துக்கொண்டு நின்றது. இதோ அதோ என்று வெளியே வரப் பார்க்கிறது. பயந்துவிட்டேன். நேரே திருப்பதி. ஆபரேஷன்.

தேவகியின் தம்பி முனிரத்தினம் நகரியில் பவர்லூம் ஓட்டுகிறான். சேதி கேட்டுத் தறியை நிறுத்திவிட்டு ஓடி வந்தான். எலும்பு உடைந்ததில் அவனுக்கு ஒரு அதிர்ச்சியும் இல்லை. நான் ஆபரேஷன் செய்துகொண்டதில்தான்!

"இன்னா மாமா நீ? புத்தூர்ல குடி இருந்துகினு ஆபரேசனா? திருப்பதியில பொறந்தவன் மொட்டை போட பழனிக்குப் போன மாதிரி கீது!"

"எலும்பு வெளிய வரப் பாத்துச்சுடா."

"வந்தா இன்னா? உள்ள தள்ளி கட்டுவாங்க! எங்க தறிக்கு வர்றவங்கல்லாம் கேக்குறாங்க மாமா… உங்க மாமாவுக்குப் புத்தூர் எங்க கீதுன்னு தெரியாதான்னு. நான் இன்னா சொல்றது?"

"எழுதறவருடா, அவருக்கு வழி எல்லாம் தெரியாதுன்னு சொல்லு," என்றாள் தேவகி. எனக்குப் பரிந்துதான் பேசினாள் என்று நினைக்கிறேன்.

ஆபரேஷனைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். மேஜையில் படுக்க வைத்து, முகத்தில் மாஸ்க் வைத்து, எண்ணச் சொன்னார்கள். ஒண்ணு… ரெண்டு… அடுத்தது மூணா, மூடுவா? தமிழா, தெலுங்கா? எந்த மொழியில் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று யோசிப்பதற்குள் மேலே இருந்த விளக்கு என்னை விழுங்கிவிட்டது.

கண் விழித்ததும் ஒரு சபதம் எடுத்தேன். இனி ஜென்மத்துக்கும் அந்த விளக்குக்குக் கீழே படுக்க மாட்டேன். டாக்டரம்மா குண்டூர்ப் பக்கத்துக்காரர், சின்ன வயசு, பேச்சில் சர்க்கரை. அந்தச் சர்க்கரைக் குரலிலேயே எச்சரித்தார் — பிளேட்டோ ஸ்க்ரூவோ அசைந்தால் திரும்பவும் திறக்க வேண்டியிருக்கும். கையைச் சும்மாவே வைத்திருந்தாலும் தப்பு, தோள் இறுகிப்போகும். ஆகவே சொன்ன அளவு அசைக்க வேண்டும், சொல்லாத அளவு அசைக்கக்கூடாது.

சொல்லாத அளவு அசையக்கூடாதாம். எனக்கு! உட்கார்ந்து ஒரு முழு டீ குடித்ததில்லை நான்.

கையை ஒரு நீலப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். இடது கையால் பல் தேய்த்தேன். பற்பசை காதுவரை போனது. களியை ஸ்பூனால் வெட்டித் தின்ற முதல் ஆள் சித்தூர் ஜில்லாவிலேயே நானாகத்தான் இருப்பேன். எழுதுவது? இடது கையில் என் கையெழுத்து ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டது. போனில் பேசினால் அதுவே எழுதும் என்றார்கள். பேசினேன். 'தோள் வலிக்கிறது' என்று சொன்னால் 'தோல் வலிக்கிறது' என்று எழுதியது. போனுக்குத் தமிழ் தெரியவில்லை என்று சிரித்தேன்.

சிரித்திருக்கக்கூடாது.

தையல் பிரித்த அன்று டாக்டரம்மா வேறொரு ஆபரேஷனில் இருந்தார். நர்ஸம்மாதான் பிரித்தார். தோள் முனையில் ஒரு இடத்தில் உள்ளுக்குள்ளேயே வலி. ஊசி நுழைவது மாதிரி இல்லை… யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுவது மாதிரி.

"எக்கட நொப்பி சார்?"

"தோலு," என்றேன். "தோலு சால நொப்பிகா உந்தம்மா." எங்கே வலி என்றார்; ரொம்ப வலிக்கிறது என்றேன்.

"குட்லு தீசினப்புடு அலாகே உண்டுந்தி சார். ஆயின்ட்மென்ட் ராஸ்தாரு." தையல் பிரித்தால் அப்படித்தான் இருக்கும், மருந்து எழுதித் தருவார்கள். அவர் போய் யாரிடமோ சொன்னார். ஒரு வெள்ளைக் கிரீம் வந்தது. காலையும் மாலையும்.

இங்கே வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் பக்கத்துத் தமிழில் ளகரம் என்பது எம்.எல்.ஏ. மாதிரி. எப்போதாவதுதான் வரும். தோள் எங்களுக்குத் தோலுதான். வாளி, வாலி. பள்ளிக்கூடம், பல்லிக்கூடம். எங்களுக்குள் ஒரு குழப்பமும் இல்லை. பல்லிகளே படித்தாலும் பரவாயில்லை. ஆனால் தெலுங்கில் தோலு என்றால் தோல். மேல் தோல். ஸ்கின்!

தோளுக்குத் தெலுங்கில் புஜம். எனக்குத் தெரியாதா? நாற்பது வருஷமாகத் தெலுங்கில் பேரம் பேசுகிறேன், மண்டல் ஆபீஸில் சண்டை போடுகிறேன், கனவில்கூடப் பாதிப் பேர் தெலுங்குதான் பேசுகிறார்கள். ஆனால் வலிக்கும்போது வாய் நம்மைக் கேட்டுக்கொண்டா பேசுகிறது? வாக்கியம் தெலுங்கில் கிளம்பியது. வலி மட்டும் தமிழில் வந்து விழுந்தது.

கிரீம் பூசத் தொடங்கினோம். தேவகிதான் பூசுவாள். 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்பதைத் தவிர ட்யூபில் இருந்த பொடி எழுத்து எதையும் நான் படிக்கவில்லை. தோள்வலிக்குத் தோள் கிரீம். இதில் படிக்க என்ன இருக்கிறது?

"இன்னாங்க இது, இங்க சின்னதா முண்டு மாதிரி கீது?"

"எலும்பு கூடுது. கூடும்போது அப்படித்தான்."

"யார் சொன்னாங்க?"

"எனக்குத் தெரியும். நல்லா அழுத்திப் பூசு."

அழுத்திப் பூசினாள். நான் சொல்லப்போவதை நீங்கள் நம்ப வேண்டும் — வலி குறைந்தது! சத்தியமாகக் குறைந்தது. 'அருமையான கிரீம்' என்று முனிரத்தினத்திடம்கூட போனில் சொன்னேன். அந்தத் தைரியத்தில் ஒரு நாள் தேவகி இல்லாத நேரம் நீலப் பையைக் கழற்றி மாட்டிவிட்டு, நனைந்த பெட்ஷீட்டை எடுத்துக் கொடியில் போட்டேன். வலது கையால். வாழ்க்கையில் முதல் தடவையாக யாரும் சொல்லாமல் ஒரு வீட்டு வேலை. உள்ளே ஏதோ ஒன்று 'களுக்' என்றது. கிரீமை இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பூசிக்கொண்டேன்.

இப்போது போன செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

"பாகுந்தி மேடம்," என்றேன் அல்லவா? டாக்டரம்மா சந்தோஷமாகத் தலையாட்டினார். "மரி, தோலு நொப்பி தக்கிந்தா?" வலி குறைந்ததா என்கிறார்.

"தக்கிந்தி மேடம். ஆனா இங்கா கொஞ்செம் உந்தி. இக்கட." குறைந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று இடது கை விரலால் தோள் முனையைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் என் விரலைப் பார்த்தார். அது தொட்ட இடத்தைப் பார்த்தார். "அதி தோலு காது கதண்டி. அதி புஜம்." அது தோலு இல்லையே என்கிறார்.

"அவுனு மேடம். தோலே." ஆமாம், அதேதான் என்றேன்.

"தோலு அண்டே… ஸ்கின் கதண்டி?"

என் விரல் தோள் முனையிலேயே நின்றது. அந்தச் சில நொடிகளில் அந்த ஒரு சொல் என் கண் முன்னால் இரண்டாகப் பிளந்து விழுவதைப் பார்த்தேன். எலும்பு உடைந்தபோதுகூட எனக்கு அவ்வளவு தெளிவாகச் சத்தம் கேட்கவில்லை.

டாக்டரம்மா எழுந்து வந்து அந்த முண்டின் மேல் விரலை வைத்தார். மெதுவாக அழுத்தினார். அவர் முகத்திலிருந்த சர்க்கரை கரைந்துபோனது.

"எக்ஸ்ரே. இப்புடே."

திரையில் என் தோள் வந்தது. சாம்பல் நிற வானத்தில் பட்டுப்போன கிளை மாதிரி எலும்பு. அதன் மேல் பளபளவென்று பிளேட். ஸ்க்ரூக்கள் பிரேயருக்கு நிற்கும் பிள்ளைகள் மாதிரி ஒழுங்காக வரிசையில்… கடைசி ஒன்றைத் தவிர. அது மட்டும் வரிசையைவிட்டு எழுந்து, தலையை நீட்டி, வெளியே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதன் தலைக்குத்தான் காலையும் மாலையும் கிரீம் பூசியிருக்கிறேன். அழுத்தி!

"மள்ளி கோயாலா மேடம்?" திரும்பவும் அறுக்கணுமா?

அவர் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். பெரிய டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறேன், வெளியே உட்காருங்கள் என்றார்.

வெளியே வராந்தாவில் நாற்காலிகள். எதிரே மலைக்கு வந்த இடத்தில் வழுக்கி விழுந்த ஒரு குடும்பம் — மொட்டைத் தலையில் சந்தனம், காலில் மாவுக்கட்டு. எனக்கு வியர்த்துக் கொட்டியது. அந்த விளக்கு. அந்த மாஸ்க். மூணா, மூடுவா…

தேவகி முன்னால் பார்த்தபடியே சொன்னாள்:

"எழுத்தாளருன்னு பேரு. ஒரு எழுத்து சொல்லத் தெரியல."

"நீயும் தோலுன்னுதானே சொல்ற?"

"நான் சொல்லலாம். நான் இன்னா பேப்பர்லயா எழுதறேன்?"

அவள் கை என் இடது கையைப் பிடித்திருந்தது. அதுவும் வியர்த்திருந்தது. திட்டுவதற்கு ஒரு காரணம் கிடைத்திராவிட்டால் அழுதிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

உட்கார்ந்திருந்தபோது ஒன்று தோன்றியது. அந்தக் கிரீமில் வலி குறைந்ததே, அதுதான் எனக்கு ஸ்க்ரூவைவிட பயமாக இருந்தது. வலி ஓரிடம், மருந்து வேறிடம். ஆனாலும் 'பரவாயில்லை, இப்போ தேவலை' என்று சொல்லிவிடுகிறோம். யாரோ காது கொடுத்துக் கேட்டார்கள், எதையோ தடவினார்கள், அது போதும் நமக்கு! வீட்டில், ஆபீஸில், எத்தனை பேர் இப்படித் தப்பான இடத்தில் பூசிக்கொண்டு தேவலை தேவலை என்று நடமாடுகிறோமோ? உள்ளே ஒன்று மெதுவாகக் கழன்றுகொண்டிருக்கும்…

கதவு திறந்தது.

"எமுக அதுக்குந்தி," என்றார் டாக்டரம்மா.

எலும்பு ஒட்டத் தொடங்கிவிட்டதாம்! நான் பெட்ஷீட் காயப்போட்டும், மாம்பழத்தில் விழுந்தும், மொழி தெரியாமல் உளறியும்… அது பாட்டுக்கு இருட்டில் உட்கார்ந்து தன் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. மற்ற ஸ்க்ரூக்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கழன்ற ஒன்றை மட்டும் எடுத்தால் போதும். மயக்கம் வேண்டாம், அந்த இடத்தை மரக்க வைத்தால் போதும். நாளைக்கே.

மறுநாள் ஊசியோடு வந்தவர் கேட்டார், "எக்கட நொப்பி சார்?"

"புஜம்," என்றேன். "ஷோல்டர். தோள். இதிகோ, இக்கட." விரலாலும் காட்டினேன். தேவகியும் எழுந்து வந்து தனியாக ஒருமுறை காட்டினாள். எதற்கும் இருக்கட்டும் என்று.

முழு முழிப்பில் படுத்திருந்தேன். யாரோ சட்டைப் பித்தானை இழுப்பது மாதிரி ஓர் இழுப்பு. பிறகு தட்டில் 'டிங்'. அவ்வளவு சின்ன ஓசை. இத்தனை நாள் உள்ளேயிருந்து கதவைத் தட்டியவன் அவன்தான்.

"இனிமேல் கையைத் தோள் உயரம்வரை தூக்கலாம், தூக்க வேண்டும், தூக்காவிட்டால் இறுகிவிடும்," என்று சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா. வீட்டுக்கு வந்தேன். தூக்கவில்லை. முடியவில்லை என்பது பொய். பயம். கையைத் தூக்க நினைத்தாலே அந்த 'களுக்' காதில் கேட்டது. தேவகி கெஞ்சினாள், திட்டினாள். முனிரத்தினம் போனில் "கட்டு கட்டியிருந்தா இன்னேரம் மரம் ஏறியிருப்ப மாமா" என்றான். கை மட்டும் நீலப் பைக்குள் நத்தை மாதிரி சுருண்டே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் நின்றிருந்தேன். தமிழ்நாட்டு நம்பர் போட்ட கார் ஒன்று வந்து நின்றது. பின் சீட்டில் ஒரு அம்மா, முகம் சுண்டி, வலது முழங்கையை மார்போடு அணைத்தபடி. ஓட்டி வந்தவர் — கணவராக இருக்க வேண்டும் — கண்ணாடியை இறக்கினார்.

"சார், கட்டுக் கட்டுற இடம் எது சார்?"

"நேராப் போயி, அதோ அந்தப் பக்கம்—"

பின்னால் 'ணங்' என்று ஒரு சத்தம். திரும்பினேன். தேவகியின் கையிலிருந்த சொம்பு தரையில் உருண்டுகொண்டிருந்தது.

"ஏங்க… கையி!"

அப்போதுதான் பார்த்தேன். நீலப் பை காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. என் வலது கை தோள் உயரத்தில், விரல் நீட்டி, கட்டுக் கட்டும் இடத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. யாரைக் கேட்டுப் போனது அது? எனக்குத் தெரியவே தெரியாது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இறக்கவும் மனமில்லாமல் அப்படியே நின்றேன், கைகாட்டி மரம் மாதிரி.

கார்க்காரர் என் கழுத்திலிருந்த பையைப் பார்த்தார். "உங்களுக்கும் அங்கதான் கட்டுனாங்களா சார்? எங்க அடி?"

முதல் கேள்வியைக் காதில் வாங்காத மாதிரி இருந்துவிட்டேன். இரண்டாவதற்கு மட்டும், நாக்கை நன்றாக மடித்து, மேலண்ணத்தில் வைத்து, நிதானமாகச் சொன்னேன்:

"தோள்ள்ள்."